ஒரு சுத்தமான செட்

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கடைசிவரை வேறு யாரோ ஒரு ஆளைக் கற்பனை செய்துகொண்டிருப்பீர்கள். தோல் ஜாக்கெட் போட்டவர், மீசையை முறுக்கிவிட்டவர், ஒரே உதையில் வண்டியைக் கிளப்பித் தெருவையே திரும்பிப் பார்க்க வைப்பவர் என்று. இவர் அந்த ரகம் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொள்வார். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் இவர் மறுபக்கம் சாய்வார். ஓட்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் இங்கிலாந்தில் செய்த அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களின் புத்தகம் வேண்டுமென்றால் எவரும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். வண்டி வாங்கியவருக்குக் கம்பெனி கொடுத்த கையேடு, பட்டறைகளுக்கென்று அச்சடித்த ரிப்பேர் புத்தகம், ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் படம் போட்டு நம்பர் கொடுத்த பார்ட்ஸ் கேட்லாக், எல்லாம் நடு அறையில் சுவரை மறைத்து நிற்கின்றன. கட்டிலுக்கு அடியில் செருப்பு வைக்கக்கூட இடமில்லை. ஓட்டத் தெரியாத மனிதருக்கு எதற்கு இத்தனை என்று கல்யாணமான புதிதில் குழம்பினேன். இப்போதும் குழப்பம் தீர்ந்தபாடில்லை, பழகிவிட்டது.

ஆரம்பித்தது ஒரு வாடிக்கையாளரால். இவருக்கு ஜெராக்ஸ் கடை. கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ஒரு ஷட்டர், ஒரு மிஷின், ஒரு ஸ்டூல். ஒருநாள் எவனோ ஒருவன் கந்தலான கேட்லாக் ஒன்றைக் கொண்டுவந்து, "முழுசா ஒரு காப்பி போட்டு வைங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். காப்பியும் வாங்கவில்லை, புத்தகத்தையும் கேட்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள். இவர் அதைத் துடைத்தார், ஒட்டினார், அவன் வருவான் வருவான் என்று மேஜை இழுப்பறையில் வைத்திருந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தவர் அதிலேயே விழுந்துவிட்டார்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு படத்தைக் காட்டினார். எஞ்சினைப் பிரித்துப் போட்ட படம். ஆனால் பாகங்கள் சிதறிக் கிடக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வரிசை கலையாமல், காற்றில் நிற்கின்றன. "எல்லாம் பிரிஞ்சிருக்கு, ஆனா எதுவும் தொலையல பாரு" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, சரி, சீட்டாட்டம் குடி என்று போகாமல் இதோடு நின்றாரே என்று நானும் விட்டுவிட்டேன்.

விட்டது தப்பு. மூடப்போகிற பட்டறை, காலி செய்கிற வீடு, உடைந்துபோன கிடங்கு என்று எங்கே கேள்விப்பட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொண்டுவந்ததை நேரே அறைக்குள் விடமாட்டார். முதலில் வராந்தாவில் காற்றாட வைப்பார், பூச்சி இருக்குமாம். பிறகு துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். என் பவுடர் பஞ்சை எடுத்துத் தூசி தட்டுவார். ஒவ்வொரு தாளாகப் பிளாஸ்டிக் உறையில் போடுவார். நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு அந்த அறைக்குள் போகக் கூடாது. எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'செட்'. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த மாதிரிப் புத்தகம் எதுவுமே முழுசாகக் கிடைக்காது. ஒன்றில் முன்பக்கம் போயிருக்கும், ஒன்றில் நடுவில் எலி தின்றிருக்கும், ஒன்றில் பாதிப் பக்கங்கள் ஆயில் ஊறிக் கறுப்பாக இருக்கும். இவர் என்ன செய்வார் என்றால், ஒரே அட்டையுள்ள மூன்று கந்தல் பிரதிகளைப் பிரித்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் எது சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தாளைப் பொறுக்கி எடுப்பார். மூன்றிலிருந்தும் சேர்த்து ஒரு புத்தகம். அதைக் காப்பி போட்டு, நீல அட்டை வைத்துத் தைத்துக் கொடுப்பார். சுத்தமான செட் என்று பட்டறைக்காரர்களிடம் அதற்குப் பெயர். ஜெராக்ஸ்காரர் செட்டில் இப்படிப் போட்டிருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் வாயை மூடிக்கொள்வார். அவ்வளவு மரியாதை.

முதன்முதலில் இவர் சேர்த்த செட், ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒன்றினுடையது. இந்த வட்டாரத்தில் அதிகம் ஓடியது அந்த வண்டிதான். அந்த மூன்று கந்தலின் மிச்சத்தையும் அப்போதே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான் தெரியும். அந்த நீல அட்டையை மூத்த பிள்ளை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை புத்தகம் வந்தாலும் அதற்குத் தனி இடம்.

அந்த மூத்த பிள்ளைதான் எங்களைப் பேயாய் ஆட்டி வைத்தது.

எங்கள் கடைக்கு மூன்று ஷட்டர் தள்ளி ஒரு பட்டறை. அதை நடத்துகிறவரைக் காதுக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். என்னைத் தங்கச்சி என்பார், இவரைத் தம்பி. கூப்பிடு தூரத்தில் அத்தனை புத்தகம் இருந்தாலும் காதுக்காரர் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. "நமக்கு எதுக்குப்பா, கண்ணு வலிக்கும்" என்பார். அதில் இவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். காட்டிக்கொள்ளமாட்டார்.

அப்படி இருக்கும்போது பேக்கரிக்காரர் வந்து சேர்ந்தார். அவருடைய அப்பா ஓட்டிய ஒற்றைச் சிலிண்டர் வண்டியை யாரோ எப்போதோ பிரித்துப் போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். ரொட்டி அடுக்குகிற தட்டுகளில் பாகங்களை நிரப்பிக் கொண்டுவந்து காதுக்காரர் பட்டறையில் இறக்கினார். பிறகு நேரே எங்கள் கடைக்கு வந்து நீல அட்டை செட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர். ஆனால் கேக் செய்கிறவர், அளவு பிசகினால் பொங்காது என்று பழகியவர். "எல்லாம் புக்ல இருக்கிறபடியே இருக்கணும், அப்பா ஞாபகமா வெச்சுக்கப்போறேன்" என்று பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் புத்தகம்.

எஞ்சின் பிரச்சினையில்லாமல் ஏறியது. கியர் பெட்டி வந்தபோது, காதுக்காரர் கியர்கள் கோத்திருக்கும் சின்ன ஷாஃப்டில் ஒரு பித்தளை வாஷரை எடுத்து உள்பக்கமாகப் போட்டார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஒரு பெரிய சட்டைப் பித்தான் அகலம்தான் அந்த வாஷர்.

"அண்ணே, இருங்க. புக்ல வாஷர் வெளிப்பக்கம் காட்டுது. நீங்க உள்பக்கம் போடறீங்க" என்றார் பேக்கரிக்காரர்.

காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார். ஆமாம், வெளிப்பக்கம்தான். மூடியை ஒட்டி. "கை பழக்கம் சார், மாத்திடறேன்" என்று மாற்றிப் போட்டார். மூடியை வைத்து நட்டுகளை இறுக்கினார். கடைசி இறுக்கத்தில் ஷாஃப்ட் நின்றுவிட்டது. சுற்றவில்லை. பிரித்தார், துடைத்தார், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி மாட்டினார். மறுபடியும் அதே கதை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சுற்றும், ஆனால் மூன்றாவது கியர் விழுந்த வேகத்தில் வெளியே வந்துவிடும்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தாராம். பேக்கரிக்காரர் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. "பரவால்லண்ணே, வயசாகுதில்ல, நிதானமாப் பாருங்க" என்று ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தைதான் போய்ச் சரியான இடத்தில் குத்திவிட்டது.

ஏன் என்று அவர் மனைவி வந்து சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி எங்கள் சமையலறைக்கு வந்து, நான் கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பட்டறையை மூடிடறேங்கறார்."

"எதுக்கு அண்ணி? ஒரு கியர் பெட்டிக்கா?"

"அவங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. தையக்காரரு அவரு. ஒருநாள் சட்டைக்குக் கையைத் தலைகீழா வெச்சுத் தைச்சிட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப பெத்த பிள்ளையவே யாருன்னு கேக்கறார். இவர் அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கார். 'இத்தனை வருஷமா நான் உள்பக்கம்தானே போட்டேன், இல்ல வெளிப்பக்கம் போட்டேனா, ஞாபகம் வரலையே'ன்னு கட்டில்ல உக்காந்து கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறார். நேத்து வீட்டுச் சாவியை எங்க வெச்சேன்னு தேடினார். சாவியை யாரு தேடாம இருக்காங்க? அதுக்கும் பயந்துட்டார்."

காதுக்காரரின் அண்ணனை நானும் பார்த்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். யாரென்று தெரியாமல் சிரிக்கிற சிரிப்பு அது.

அன்று இவர் சாப்பிட வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "உங்க புக்ல ஏதாவது தப்பிருக்குமா, பாருங்க."

முகம் சுருங்கிவிட்டது. என் சமையலைக் குறை சொன்னால்கூட நான் அப்படிச் சுருங்கமாட்டேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய் மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்க நம்பர் வரிசையாக இருக்கிறதா, இருக்கிறது. படத்தின் நம்பர் வரிசையாக இருக்கிறதா, இருக்கிறது. படத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் எதிர்ப்பக்கத்தில் பெயர் இருக்கிறதா, அதுவும் இருக்கிறது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புக்குல தப்பில்ல" என்றார்.

"அப்போ பட்டறை அண்ணனுக்குத்தான் மூளை கலங்கிடுச்சா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? ரெண்டுல ஒண்ணுதானே."

மறுபடி அந்தப் படத்தையே திருப்பினார். புத்தகம் சரி என்றால் மனிதர் தப்பு. மனிதர் சரி என்றால் புத்தகம் தப்பு. புத்தகத்தை எழுதியது வண்டியைச் செய்த கம்பெனி, அவனுக்குத் தெரியாமலா வாஷரை வெளிப்பக்கம் காட்டுவான்? காதுக்காரரோ பிறந்ததிலிருந்து இதே வண்டிகளுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவர். எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டுச்சந்து. மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

இவர் அதோடு நின்றிருக்கலாம். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று சாயங்காலம் பட்டறைக்கே போய், "நல்லா சரி பாத்துட்டேண்ணே, புக்கு சரியாத்தான் இருக்கு. நிதானமா இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்று தைரியம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் காலையில் பட்டறை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. காதுக்காரர் உள்ளே உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாராம். பேக்கரிக்காரரை வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார், அவர் இன்னும் எடுக்கவில்லை.

நான் இவரிடம் பேசுவதை நிறுத்தினேன். கோபம் வந்தால் எனக்குப் பாத்திரம்தான் பேசும். இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அந்த செட்டின் மூலத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் சிங்க்கில் கை முழுக்கச் சோப்போடு நிற்கிறேன். இவர் கியர் பெட்டிப் பக்கத்தைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நீயே பாரு. எவ்வளவு சுத்தமான பக்கம். ஒரு கறை கிடையாது, ஒரு விரல் பட்ட அடையாளம் கிடையாது. இது எப்படித் தப்பா இருக்கும்?"

பேசக்கூடாது என்று இருந்த நான் பேசிவிட்டேன். "உங்க கையும்தான் ஒரு கறை இல்லாம இருக்கு. அதுக்காக நீங்க இந்த வீட்ல வேலை செய்யறீங்கன்னு அர்த்தமா? சிங்க் பக்கம் வந்திருந்தா இல்ல கறை படும்."

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் முனகிக்கொண்டே போய்விடுவார். அன்று போகவில்லை. தாளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி நின்றார். எனக்கே பயமாகிவிட்டது, அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்று.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

"எதை?"

"யாரும் தொடாததாலதான் சுத்தமா இருக்கு."

அப்படி நான் சொல்லவேயில்லை. ஆனால் அவர் அதற்குள் அறைக்குள் ஓடிவிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். பிறகு அதற்கு முந்திய பக்கத்தின் ஓரம், அடுத்த பக்கத்தின் ஓரம். எறும்புத் தலையளவு எழுத்தில் எந்தத் தடவை அச்சடித்தது என்று அச்சகத்துக்காரன் போட்ட அடையாளம் ஒன்று இருக்குமாம். எஞ்சின் பக்கங்களில் ஒரு அடையாளம், கியர் பெட்டிப் பக்கத்தில் வேறு ஒன்று. காப்பித் தாளில் அதைத் தூசிப் புள்ளி என்று நினைத்து வெள்ளை மை வைத்து அழித்திருக்கிறார் மகானுபாவர். எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டுமே.

பிறகு என்னை உட்கார வைத்து விளக்கினார். கம்பெனிக்காரன் வண்டியில் சின்னச் சின்ன மாற்றம் செய்வான். புத்தகத்தை மறுபடி அச்சடிப்பான், ஆனால் அட்டையை மாற்றமாட்டான். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று, உள்ளே வேறு வேறு. இது அவருக்குப் பின்னால் தெரியவந்த சங்கதி. பின்னால் சேர்த்த செட்டுகளில் எல்லாம் ஜாக்கிரதையாக இருந்தார். முதல் செட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்த பிள்ளைமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

"இங்க ஓடின வண்டியெல்லாம் முந்தின மாடல். அந்தப் பக்கத்தைப் பட்டறைக்காரன் தினமும் பொரட்டிப் பொரட்டி ஆயில் கையால தொட்டிருக்கான். அதான் கறுத்துப் போச்சு. பின்னால வந்த மாடல் இந்தப் பக்கமே வரல. அந்தத் தாளை எவனும் தொடல. நான் என்ன செஞ்சேன்? கறுத்ததைத் தூக்கிப் போட்டுட்டு, வெளுத்ததா பாத்துப் பொறுக்கினேன். வேணும்னே உக்காந்து தப்பானதா பாத்துப் பொறுக்கின மாதிரி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குத் திட்டத் தோன்றவில்லை. சத்தியமாகப் பாவமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். நானும் கூடவே போனேன்.

நல்ல செய்தி கொண்டுபோகிறோம், கேட்டதும் காதுக்காரர் துள்ளி எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அட்டை, அடையாளம், கறை, வெள்ளை மை எல்லாம். காதுக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு இவர் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீ நல்லவன். எனக்காகச் சொல்றே."

"இல்லண்ணே, நிஜமா புக்குதான் தப்பு."

"நேத்து வந்து சரியா இருக்குன்னு சொன்னே. இன்னிக்கு உங்க அண்ணி அழுதான்னு தங்கச்சி சொல்லியிருக்கும். தப்புன்னு சொல்றே. உன் புக்கு என்னிக்குப்பா தப்பாச்சு? ஊரே சொல்லுது." சிரித்தார். அவருடைய அண்ணன் சிரிப்பு மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை காலம் தப்பே வராது என்று பேர் வாங்கி வைத்திருக்கிறார். இப்போது அவரே வந்து தப்பு என்று சொன்னாலும் நம்ப ஆளில்லை. சட்டென்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "நான் மாட்டறேன். புக்கைப் பாத்து. நீங்க தொடாதீங்க."

ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்தார். நட்டைத் தளர்த்துவதாக நினைத்து இறுக்கினார். ஒரு கியர் உருண்டு என் காலடிக்கு வந்தது. காதுக்காரரால் பொறுக்க முடியவில்லை. "அதில்ல... இந்தப் பக்கம்... ஐயோ, பல்லு பல்லு" என்று ஸ்டூலிலிருந்தே தவித்தார். எழுந்து வரவில்லை, ஆனால் கண் ஒவ்வொரு பாகத்தின் பின்னாலும் போனது. இவர் சட்டை முழுக்க ஆயில். ஒருவழியாக எல்லாம் உள்ளே போனது. வாஷரை வெளிப்பக்கம் போட்டு, மூடியை வைத்து, நட்டுகளைச் சுற்றினார். கடைசி இறுக்கத்தில் ஷாஃப்ட் நின்றது.

"நீ மாட்டினா நிக்காம என்ன செய்யும்" என்று சொல்லிக்கொண்டே காதுக்காரர் குனிந்து ஷாஃப்டின் நுனியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கை அப்படியே நின்றது. இன்னொரு தடவை திருப்பினார். "எனக்கும் இப்படியேதான் பிடிச்சுது" என்றார். "இதே இடம். இதே பிடி."

"எனக்கு மறதி வியாதி இல்லண்ணே" என்றார் இவர்.

காதுக்காரர் நகரு என்று முழங்கையால் இவரைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மூடியைக் கழற்றினார். அவர் முகம் எங்களைப் பார்த்திருந்தது, எதையோ யோசிக்கிற முகம். கை மட்டும் தன்பாட்டுக்கு உள்ளே போய், வாஷரை எடுத்து, உள்பக்கம் போட்டது. கியர்கள் ஏறின, மூடி உட்கார்ந்தது. நட்டுகளை முழுக்க இறுக்கிவிட்டு ஷாஃப்டைச் சுண்டிவிட்டார். அது நிற்காமல் சுற்றியது. மூன்றாவது கியரைத் தட்டினார். விழுந்தது, விழுந்த இடத்திலேயே இருந்தது.

"தங்கச்சி, அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன டாக்டரா? "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று நான் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தேன். ஆனால் என் வீட்டுக்காரர் எழவில்லை. சுவரில் சாய்ந்து கிடந்தார். இப்போது அவர் முறை. சரியான பக்கம் இனி உலகத்தில் எங்கே கிடைக்கும்? தப்பான பக்கத்தை எத்தனை பட்டறைகளுக்கு நீல அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார்? அங்கேயெல்லாம் எத்தனை பேர் தங்கள் கையைச் சந்தேகப்பட்டார்களோ? வரிசையாகக் கேள்விகள்.

"படம்தானே வேணும்? இதோ இருக்கே" என்றார் காதுக்காரர். கியர் பெட்டியை மறுபடி பிரித்தார். ஷாஃப்ட், கியர், வாஷர் எல்லாவற்றையும் போகிற வரிசையிலேயே ரொட்டித் தட்டில் அடுக்கினார். தட்டைத் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடியை நான் தொட்டால்கூட இவர் கத்துவார். அன்று இவரே மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காதுக்காரர் ஆயில் சொட்டச் சொட்டப் பாகங்களைக் கண்ணாடிமேல் பரப்பினார். ஷாஃப்டின் உள்பக்கத்தில் வாஷர் நிற்க வேண்டும், அதுவோ சாய்ந்து சாய்ந்து விழுந்தது. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "ம், அமுக்கு" என்றார். வெளிச்சம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஊர்ந்து போனது.

தாள் வெளியே வந்தது. எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. கியர்களின் பல், ஷாஃப்டின் வரி, நடுவில் வாஷரைப் பிடித்தபடி ஒரு பெரிய கறுத்த கை. நகத்தின் அழுக்குவரை தெரிந்தது.

"ஐய, கை விழுந்துடுச்சே. இன்னொண்ணு போடு" என்றார் காதுக்காரர்.

இவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கறை, நிழல், ஆயில் வழிந்த தடம், எதையும் அழிக்க வெள்ளை மையைத் தேடவில்லை. "இருக்கட்டும்ண்ணே. மத்த பட்டறைக்காரங்களும் எந்தப் பக்கம்னு இதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்" என்று பேனாவை எடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் கோடு இழுத்து நம்பர் போட ஆரம்பித்தார். காதுக்காரர் அவர் தோளுக்குமேல் எட்டித் தாளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு மறுபடி தாளை.

"என் கைதானே அது?" என்றார்.

"உங்க கைதான்ண்ணே" என்றார் இவர்.

காதுக்காரர் கியர்களைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டு, பேக்கரிக்காரருக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தார். பாதியில் நின்றிருந்த ஷட்டரை முழுக்க மேலே தள்ளிவிட்டு உள்ளே போனார்.